பிள்ளைப்பேறும் ஊரும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடற்கரை ஊர்களின் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். எங்கே போனாலும், குடும்பத்தைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் ஏறத்தாழ அதே ஐயங்கள்தாம் எழுகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியை இயன்றவரை மாற்றாமல் கேள்விகளை வரிசைப்படுத்தி, பதில்களை எழுதியிருக்கிறேன். பதில்களில் வரும் எண்களில் பெரும்பாலானவை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்விலிருந்தும் எடுத்தவை.

எத்தனை பிள்ளை பெத்துக்கிறோம்கிறது எங்க வீட்டு விஷயம். இதுல ஊருக்கு என்ன வேலை, டீச்சர்?

முடிவு எடுக்கும் உரிமை உங்களுடையதே. அதில் ஊருக்கோ அரசுக்கோ மாமியாருக்கோ இடமில்லை. ஆனால் அந்த முடிவின் விளைவுகள் வாசற்படியோடு நிற்பதில்லை. ஒரு ஊரில் பத்து ஆண்டுகளாகப் பிறப்பு குறைந்தால் அங்குள்ள தொடக்கப் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிறது. இருபது ஆண்டுகளில் படகேற ஆள் குறைகிறது. நாற்பது ஆண்டுகளில் முதியோர் தொகை கூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலையே மாறிவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் சொந்தமாக எடுத்ததாக நினைக்கும் முடிவில் ஊரின் பங்கு பெரிது. பிறந்த பிள்ளை பிழைக்குமா, பெண் பிள்ளை படிக்கப் பேருந்து இருக்கிறதா, வீடு யார் பெயரில் இருக்கிறது, வயதான காலத்தில் ஓய்வூதியம் வருமா என்பவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு தம்பதியை இரண்டோடு நிறுத்தவோ ஐந்து வரை போகவோ செய்கின்றன. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த இருவழித் தொடர்புதான்.

2.1, 1.8னு புள்ளிக் கணக்குச் சொல்றாங்களே, பாதிப் பிள்ளையா பெக்க முடியும்?

அது ஒரு சராசரி. இன்றைய நிலவரப்படி ஒவ்வொரு வயதுப் பெண்களுக்கும் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்று கணக்கிட்டு, அதே நிலை தொடர்ந்தால் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளைகள் பிறப்பார்கள் என்று சொல்வது மொத்தக் கருவள விகிதம். தாய் தந்தை இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பிள்ளைகள் போதுமே என்று தோன்றும். ஆனால் இயற்கையாகவே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன. பிறக்கும் பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதை எட்டுவதில்லை. அந்த இடைவெளிக்காகத்தான் 2.1. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் இது 2.0, தமிழ்நாட்டில் 1.8.

எங்க அப்பத்தாவுக்கு ஒம்பது பிள்ளை, எங்கம்மாவுக்கு நாலு, எனக்கு ரெண்டு. யாரு சொல்லி இப்படி மாறுச்சு?

யாரும் சொல்லி மாறியது என்பதைவிட, நிலைமைகள் மாறியதால் பெண்கள் மாற்றினார்கள் என்பதே பொருத்தம். உங்கள் அப்பத்தாவின் ஒன்பதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அம்மையும் வயிற்றுப்போக்கும் பிரசவக் காய்ச்சலும் இருந்த காலத்தில் இரண்டு பேர் மிஞ்ச வேண்டுமானால் ஐந்தாறு பெற வேண்டியிருந்தது. தடுப்பூசியும் குடிநீரும் வந்து, பிறந்தவை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்டதும் பிறப்பு தானாகக் குறையத் தொடங்கியது. 2020இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையும் முன் இறந்தவர்கள் 13 பேர். இந்திய அளவில் 28 பேர்.

அடுத்த காரணம் பள்ளிக்கூடம். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பெண் பிள்ளைகளையும் வகுப்பில் உட்கார வைத்தன. எட்டாவதோ பத்தாவதோ படித்த பெண் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறாள், செவிலியரிடம் தானே பேசுகிறாள், தன் மகளைக் கட்டாயம் படிக்க வைக்கிறாள். கருத்தடை பெண்ணின் விடுதலைக்கானது என்று பெரியார் 1930ஆம் ஆண்டையொட்டியே எழுதியதையும், 1952இல் இந்தியா குடும்பநலத் திட்டத்தை அரசுத் திட்டமாக்கியதையும், 1950களின் இறுதியிலேயே சென்னை மாநில அரசு அறுவை செய்துகொள்வோருக்குச் சிறு தொகை வழங்கியதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் கூடி, 2000ஆம் ஆண்டையொட்டியே தமிழ்நாட்டை 2.1க்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. நெருக்கடிநிலைக் காலத்தில் வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுவை செய்ததால் மக்கள் அந்தத் திட்டத்தையே வெறுத்தார்கள். கட்டாயப்படுத்திய இடத்தில் பின்னடைவும், படிக்க வைத்த இடத்தில் மாற்றமும் ஏற்பட்டதை நாம் மறக்கக் கூடாது.

கடத்தொழிலுக்குப் பிள்ளைதானே கை. இப்ப ரெண்டு பயலும் காலேஜுக்குப் போறான். படகுல யாரு ஏறுறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தந்தையர். அதில் உள்ள வருத்தம் நியாயமானது. நாட்டுப்படகில் அப்பா, சித்தப்பா, இரண்டு மகன்கள் என்று ஏறினால் பங்கு வீட்டுக்குள்ளேயே தங்கும். பிள்ளை பத்து வயதில் வலை பிரிக்கக் கற்றுக்கொண்டு, பதினைந்தில் ஒரு பங்குக்கு உரியவனாகிவிடுவான். அதாவது, பிள்ளைக்குச் செய்த செலவு சீக்கிரமே வருமானமாகத் திரும்பியது. இன்று அதே பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது வரை கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. செலவு நீண்டு வருமானம் தள்ளிப்போகும்போது எந்தத் தொழிலிலும் குடும்பம் சுருங்கும். உழவுத் தொழிலில் முன்பே நடந்தது, கடலில் இப்போது நடக்கிறது.

பையன்கள் கரையேறியதற்குத் தாய்மார்களும் ஒரு காரணம் என்பதை அவர்களே சொல்கிறார்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும்போது, படகு போய், ஆளும் யாழ்ப்பாணச் சிறையில் இருக்க, வட்டி கட்டுவது வீட்டிலுள்ள பெண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் நகையை அடகு வைப்பதும் அவள்தான். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணிடம் உங்கள் மகள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றுதான் முதலில் சொல்வாள். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவர்களைப் படிக்க வைக்கலாம் என்ற எண்ணம் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. படகுக்கு வெளியூர் ஆட்கள் வருவதையும், பங்குக்குப் பதில் கூலி பேசப்படுவதையும் அதன் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும்.

மூணும் பொம்பளப் பிள்ளையா போச்சு. மருமகளைத்தானே சொல்ல முடியும்?

முடியாது. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். எந்த விந்தணு சேரும் என்பது தந்தையின் விருப்பத்திலும் இல்லை. ஆகவே பழி சொல்ல இதில் யாருமே இல்லை.

ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். எந்தத் தலையீடும் இல்லாத இடத்தில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். அதன்படி ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 950 பெண் குழந்தைகளுக்கு மேல் இருக்க வேண்டும். 2011இல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் இது தமிழ்நாட்டில் 943, இந்தியாவில் 919. மாநிலச் சராசரி இயற்கை அளவுக்கு அருகில் இருப்பதைக் கண்டு நிம்மதி கொள்ளலாகாது. பெண் சிசுக்கொலை தாங்காமல் வேண்டாத பெண் குழந்தைகளைக் கொல்லாமல் அரசிடம் விடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது இதே மாநிலத்தில்தான்.

பெண் குழந்தைகளைக் குறைத்த சமூகத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மணப்பெண் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது பெண்ணுக்கு மதிப்புக் கூடும் என்று சிலர் கூட்டங்களில் வாதிடுவதுண்டு. வடமேற்கு மாநிலங்களில் நடந்தது வேறு: ஏழை மாநிலங்களிலிருந்து பெண்கள் பணத்துக்கு வாங்கப்பட்டு, மொழி தெரியாத ஊரில் வாழ வைக்கப்படுகிறார்கள்.

கீழக்கரையில மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்காரு. அது எப்படி முறையாகும்?

மருமகள் கணவன் வீட்டுக்குப் போவது மட்டுமே முறை என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். கீழக்கரையின் மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்வதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுநாள் வழக்கம். காயல்பட்டினத்திலும், கடல் கடந்து இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். ஆண்கள் கப்பலேறி முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் வாணிகம் செய்து, மாதக் கணக்கில் வெளியே இருந்த ஊர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தியது. பிள்ளை பெற்றவள் தன் தாயோடும் தமக்கையரோடும் இருந்தாள். பேறுகாலமும் பிள்ளை வளர்ப்பும் அறிமுகமானவர்கள் கையில் நடந்தன.

இதன் சமூக விளைவு பெரிது. வீடு மகளுடையது என்றால், கணவனோடு மனத்தாங்கல் வந்தாலும் அவள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. முதுமையில் தாயைப் பார்ப்பவள் மகளாக இருப்பதால் ஆண் பிள்ளைக்கான ஏக்கமும் தணிகிறது. ஆனால் இதைச் சுமையற்ற முறை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்பதற்காகத் தந்தையும் அண்ணன் தம்பிகளும் வளைகுடாவில் இளமை முழுவதையும் கழிக்கிறார்கள். வீடு கட்டும் வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது.

எங்கள்ல கிளை அம்மா வழியா வருது. சொத்து மட்டும் ஏன் அப்பா வழி?

கொண்டையங்கோட்டை மறவர் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. அங்கே கிளை என்னும் குலப்பிரிவில் பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள். ஒரே கிளையினர் உடன்பிறந்தார் முறை என்பதால் மணம் கிடையாது. ஆக, யார் யாருக்கு உறவு என்பதைத் தாய்வழி தீர்மானிக்கிறது. நிலமும் பட்டமும் மட்டும் ஆண் வழியில் போயின. முந்திய பதிலில் சொன்ன கீழக்கரையையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே மாவட்டத்தில் சில மைல்களுக்குள் குடும்பம் எத்தனை வடிவங்களில் இருக்கிறது என்பது தெரியும்.

இன்றைய சட்டம் வேறு. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. அது அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கானது. 2005இல் நாடு முழுவதும் மணமான மகளுக்கும் சேர்த்து உரிமை வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறித்தவக் குடும்பங்களில் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் சட்டத்தில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. சட்டம் கொடுத்ததை, அண்ணன் மனம் நோகுமே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பவர்களே அதிகம். சீர் வரிசையைப் பங்குக்கு ஈடாகக் கருத வேண்டாம் என்று எங்கும் சொல்லி வருகிறேன்.

சேதுபதி அரண்மனையிலேயே வாரிசு இல்லாம வழக்கு நடந்துச்சாமே?

நடந்தது, அந்த வழக்கு இந்தியச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. இராமநாதபுரம் ஜமீனின் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவர் இறந்த பின் முத்துராமலிங்கரைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி தந்துவிட்டுச் செல்லாததால் தத்து செல்லாது, எனவே ஜமீன் அரசுக்கே சேரும் என்று மதுரை ஆட்சியர் வழக்காடினார். 1868இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டனின் பிரிவி கவுன்சில், திராவிட நாட்டு வழக்கப்படி கணவர் வழி உறவினரின் ஒப்புதலோடு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நிலைபெற்ற வழக்கம் எழுதிவைத்த சாத்திரத்தைவிட வலுவானது என்ற புகழ்பெற்ற வரி இந்தத் தீர்ப்பில் வந்ததுதான்.

ஒரு வீட்டில் பிள்ளை இல்லாதது ஒரு சீமையின் நிலம், வரி, கோயில் நிருவாகம் எல்லாவற்றையும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிறுத்தியது. முதல் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உள்ளூர்ச் சான்று கிடையாது.

கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சு, ஒண்ணும் தங்கலை. சேதுக்கரை, ஏர்வாடின்னு போய்ட்டு வந்தாச்சு. அடுத்து என்ன?

வழிபாடு உங்கள் ஆறுதல். அதோடு இருவரும் மருத்துவரிடம் போங்கள். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் கருவுறுதலில் சிக்கல் வருகிறது என்று 2023இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. ஆனாலும் நம் ஊர்களில் பெண்ணை மூன்று ஆண்டுகள் மருந்து சாப்பிட வைத்த பிறகே ஆணைப் பரிசோதிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பல இரண்டாம் திருமணங்களும் பல பெண்களின் தற்கொலை எண்ணங்களும் தவிரும். செயற்கைக் கருத்தரிப்பு நிலையம் நாடுவோர், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தெரிஞ்ச நர்சம்மா ஒரு குழந்தை இருக்குங்கறாங்க. நேரா வாங்கிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது குழந்தை விற்பனை வழக்காகிவிடும். குழந்தையும் உங்களிடம் தங்காது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்து, வீட்டு ஆய்வு முடிந்து, முறை வரும்போதே குழந்தையைப் பெற வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.

தாய்மாமன் மகனைக் கட்டுனா பிள்ளை குறையாப் பிறக்கும்கிறாங்க. நிசமா?

பெரும்பாலும் குறையின்றியே பிறக்கும். ஆனால் அபாயம் கூடுவது உண்மை. உறவல்லாத பெற்றோரின் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், மாமன் மகன், அத்தை மகள் திருமணங்களில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகலாம். அக்காள் மகளைக் கட்டுவதில் அபாயம் இன்னும் அதிகம், ஏனெனில் தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பொதுவான மரபணுக்கள் நான்கில் ஒரு பங்கு. மாமன் மகன், அத்தை மகளுக்கு இடையே எட்டில் ஒரு பங்கு. முன்பு சொன்ன கிளை விதிப்படி அக்காள் மகளும் தாய்மாமனும் ஒரே கிளையாகி, அந்த மணம் விலக்காகிவிடுவது கவனிக்கத்தக்கது. குடும்பத்தில் ஏற்கெனவே காதுகேளாமையோ தசைநோயோ இருந்தால் கட்டாயம் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலான திருமணங்கள் இன்றும் உறவுக்குள்தான் நடக்கின்றன. பெண் அறிமுகமான வீட்டுக்குப் போகிறாள், நிலம் சிதறாது, சீர் பேச்சு கடுமையாகாது என்பவை அதன் காரணங்கள். பிள்ளைகள் குறையக் குறைய முறைப்பையனும் முறைப்பெண்ணும் கிடைப்பதே அரிதாகிறது. இரண்டே பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாமன், அத்தை, சித்தப்பா என்ற உறவுகளே ஒன்றிரண்டாகச் சுருங்குவதால், வரும் தலைமுறையில் இந்த வழக்கம் எவரும் தடுக்காமலேயே குறையும் என்பது என் கணிப்பு.

வயசுக்கு வந்த பிள்ளையை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குக் காவல் காக்கிறது? பதினேழுல முடிச்சா என்ன?

பயம் புரிகிறது, தீர்வு அதுவல்ல. பதினெட்டுக்கு முன் நடக்கும் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். வளர்ந்து முடியாத உடலில் கரு வளரும்போது இரத்தசோகையும் குறைந்த எடைக் குழந்தையும் ஏற்படும் வாய்ப்பு கூடும்; இங்கே 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்கள். படிப்பும் அன்றோடு நிற்கும், படித்த தாய் தன் மகளையும் படிக்க வைக்கும் தொடர் அறுந்துபோகும். பள்ளி தொலைவில் இருப்பதும் மாலைப் பேருந்து இல்லாததும் காரணமென்றால், கேட்க வேண்டியது பேருந்து. அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆபரேசன் எல்லாம் ஏன் பொம்பளைக்கே? ஆம்பள பண்ணிக்கிட்டா வலை இழுக்கத் தெம்பு போயிருமாமே?

போகாது. ஆணுக்கான அறுவையில் விந்தணு செல்லும் குழாய் மட்டும் அடைக்கப்படுகிறது. தெம்பைத் தரும் ஹார்மோன் இரத்தத்தில் வழக்கம்போலவே கலக்கும், தாம்பத்தியத்திலும் மாற்றமில்லை. சில நாள் ஓய்வுக்குப் பின் பளுவான வேலைக்கும் திரும்பலாம். பயன் முழுமையாகச் சுமார் மூன்று மாதம் ஆகும்; அதுவரை வேறு தடுப்பு தேவை. பெண்ணின் அறுவையைவிட இது எளியது, பாதுகாப்பானது. இருந்தும் இந்தியாவில் மணமான இணையரில் 37.9 விழுக்காட்டினர் பெண்ணின் அறுவையையும், 0.3 விழுக்காட்டினர் மட்டுமே ஆணின் அறுவையையும் நம்பியிருக்கிறார்கள். பிள்ளை பெறுவதும் நிறுத்துவதும் அவள் உடல் மேலேயே நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

ரெண்டு பேரும் வெளியூருக்குப் போய்ட்டா எங்க கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்த யாரு இருப்பா?

பிள்ளைகள் குறைந்ததன் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏற்கெனவே மக்கள்தொகையில் 13 விழுக்காட்டுக்கு மேல். கேரளத்துக்கு அடுத்தபடியாக அதிகம் முதியவர்கள் உள்ள மாநிலங்களில் ஒன்று நம்முடையது. ஆறு பிள்ளைகளில் ஒருவர் அருகில் இருந்த காலம் போய், ஒரு மகன் அபுதாபியிலும் ஒரு மகள் திருப்பூரிலும் இருக்கும் வீடுகள் கூடுகின்றன. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிப்பு நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் வழி உண்டு; அதனால் தானப் பத்திரத்தில் அந்த நிபந்தனையைத் தவறாமல் எழுதுங்கள்.

பணம் வந்தாலும் கை பிடித்து எழுப்ப ஆள் வேண்டும். அந்த வேலை இன்று கூலியின்றி மகள், மருமகள் தலையில்தான் விழுகிறது.

இந்தச் சமுதாயம் பெருகுது, அந்த மதம் பெருகுதுன்னு வாட்ஸப்ல வருதே?

இந்து, முஸ்லிம், கிறித்தவர் மூவரும் ஒரே ஏலக்கூடத்தில் நிற்கும் கடற்கரை நம்முடையது; ஆகவே இதற்கு எண்களோடு பதில் சொல்வது கடமை. 1992–93இல் இந்தியாவில் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019–21இல் அவை முறையே 2.36, 1.94. இருவருக்கும் குறைந்திருக்கிறது, இடைவெளியும் சுருங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்ணின் சராசரி, பீகார் இந்துப் பெண்ணின் சராசரியைவிடக் குறைவு. எண்ணிக்கையை முடிவு செய்வது பெண்ணின் படிப்பும், குழந்தை பிழைப்பும், மருத்துவமனையின் தூரமும்தான். அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.

நாம குறைச்சதுக்குத் தண்டனையா எம்.பி. சீட்டைக் குறைப்பாங்களாமே? அப்ப நிறையப் பெத்துக்கணுமா?

கவலைக்கு அடிப்படை உண்டு. மாநிலங்களுக்கு மக்களவை இடங்களை மக்கள்தொகையைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். 1962 தேர்தல் வரை 41 ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆயின. குடும்பநலத்தைக் கடைப்பிடித்த மாநிலங்கள் மேலும் இழக்கக் கூடாது என்பதற்காக, 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இட ஒதுக்கீட்டை 1971 கணக்கெடுப்பில் நிறுத்தியது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பிரித்த பதினைந்தாவது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடு எடை தந்துவிட்டு, பிறப்பைக் குறைத்ததற்கென 12.5 விழுக்காடு தனியாக வைத்தது. நம் பிரதிநிதித்துவம் குறையாமல் காக்கும் வழியை அரசியலமைப்பில்தான் தேட வேண்டும். பெண்ணின் கருப்பையில் தேடக் கூடாது.

ஆணையிட்டுப் பெற வைக்கவும் முடியாது. ருமேனியா 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. மறு ஆண்டு பிறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகி, சில ஆண்டுகளில் மீண்டும் சரிந்தது. இடையில் கள்ளக் கருக்கலைப்பில் பெண்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தென்கொரியா பெருந்தொகை செலவிட்டும் 2023இல் அங்கு மொத்தக் கருவள விகிதம் 0.72. நீண்ட வேலை நேரமும் வீட்டு விலையும் பிள்ளை வளர்ப்பு முழுவதும் தாயின் தலையிலேயே விழுவதும் அங்கே மாறவில்லை.

இவ்வளவும் சொல்றீங்க. பெத்து வளர்க்கிறவளுக்கு இந்த ஊரு என்ன செஞ்சிருக்கு?

செய்ததை முதலில் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 என்று வளர்ந்தது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20இல் இந்தியாவில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. இது கிராம சுகாதாரச் செவிலியர்கள் நடந்தே சம்பாதித்த எண்.

செய்யாதது இது. அலுவலகத்தில் வேலை செய்பவளுக்கு 2017இன் திருத்தப்படி 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. மீன் கூடை சுமப்பவளுக்கும் பாசி எடுப்பவளுக்கும் கருவாடு காயவைப்பவளுக்கும் ஒரு நாள்கூடக் கிடையாது. படகு விடியற்காலையில் கரை சேரும்போது ஏலத்துக்குப் போகும் தாய், பாலூட்டும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு ஓடுகிறாள். அங்கன்வாடி திறக்க அதன்பின் நான்கைந்து மணி நேரம் ஆகிறது. நம் கரையில் அங்கன்வாடியின் நேரம் படகின் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்பதையும், இறங்குதளத்தருகே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதையும் கிராமசபையில் எழுத்தில் கொடுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டத்துக்கு ஆண்களையும் கூட்டிப் போங்கள். காப்பகம் அவர்கள் பிள்ளைக்கும்தான்.